பட்டியல்ல உங்க பேர் இருக்கா? கானாடுகாத்தானிலிருந்து ஒரு தேர்தல் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சிறிய திருத்தங்கள் மட்டும் செய்யப்பட்டுள்ளன.)

பின்னாடி காக்கா சத்தம், டிவிஎஸ் எக்ஸெல் சத்தம் எல்லாம் கேட்டா பொறுத்துக்கோங்க. இந்த வாரம் ரூமுக்குள்ள உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணலை. கானாடுகாத்தான்ல ஒரு டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கேன். எதிர்ல ஒரு செட்டிநாட்டு வீடு. முன்வாசல் இந்தத் தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல்லு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சுன்னு இன்ஸ்டா ரீல்ல பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி வீடு. கொஞ்சம் நடந்தா அரண்மனை வந்துடும்.

ஆனா இன்னைக்கு வீட்டைப் பத்திப் பேசப் போறதில்லை. ஓட்டைப் பத்திப் பேசப் போறோம்.

போன எபிசோடுக்கு ஒரு கேள்வி வந்திருந்துச்சு. "ப்ரோ, அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துலயும் கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் நியமனம்?" நல்ல கேள்வி. சின்ன பதில் என்னன்னா, வெள்ளைக்காரன் காலத்துல சென்னை மாகாணத்துக்கு கவர்னர் லண்டன்ல இருந்து கப்பல்ல வந்தார். சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த நாற்காலியை நியமனப் பதவியாவே வெச்சுக்கிட்டு, அதிகாரத்தை முதலமைச்சர்கிட்ட கொடுத்தோம். அவ்வளவுதான்.

ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. "அமெரிக்காவுல அப்பவே மக்கள் ஓட்டுப் போட்டாங்க"ங்கிறது. எந்த மக்கள்? அதைத் தோண்டப் போய்த்தான் நான் கானாடுகாத்தான்ல வந்து நிக்கிறேன். முதல்ல அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுவோம்.

ரோட் ஐலண்ட். அமெரிக்காவுலயே ரொம்பச் சின்ன மாநிலம். வருஷம் 1842. நாடு சுதந்திரம் வாங்கி 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அந்த மாநிலம் மட்டும் 1663ல இங்கிலாந்து ராஜா கொடுத்த சாசனத்தையே அரசியல் சட்டமா வெச்சு ஓட்டிக்கிட்டிருந்துச்சு. அதுப்படி ஓட்டுப் போடணும்னா 134 டாலர் மதிப்புக்கு நிலம் வேணும். எல்லாரும் விவசாயம் பண்ணின காலத்துல அது பெரிய தடையா தெரியலை. அப்புறம் நூல் மில்லு வந்துச்சு. மில்லு வேலைக்கு ஆளுங்க வந்தாங்க, அயர்லாந்துல இருந்தும் வந்தாங்க. கூலி இருந்துச்சு, நிலம் இல்லை. 1840 வாக்குல அங்க இருந்த வயசு வந்த வெள்ளை ஆண்கள்லயே பாதிப் பேருக்கு மேல ஓட்டு கிடையாது.

தாமஸ் டோர்னு ஒரு வக்கீல். பணக்காரக் குடும்பம், ஹார்வர்டுல படிச்சவர். அவருக்கு ஓட்டு இருந்துச்சு, சும்மா இருந்திருக்கலாம். இருக்கலை. அவரும் அவர் ஆளுங்களும் "அரசாங்கம் மாத்தாதா? நாங்களே புது அரசியல் சட்டம் எழுதிக்கிறோம்"னு எழுதி, அவங்களே வாக்கெடுப்பு நடத்தி, 1842 ஏப்ரல்ல அவங்களே கவர்னர் தேர்தலும் நடத்திட்டாங்க. அதுல ஜெயிச்சது டோர். 2 நாள் கழிச்சு பழைய சாசனத்துப்படி அதிகாரபூர்வத் தேர்தல். அதுல ஜெயிச்சது சாமுவேல் வார்ட் கிங். ஒரே மாநிலம், ஒரே மாசம், 2 தேர்தல், 2 கவர்னர்!

மே மாசம் டோர் ஆளுங்க ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனாங்க. ரெண்டு பழைய பீரங்கியை இழுத்துட்டுப் போய் நிறுத்தித் தீ வெச்சாங்க. ரெண்டும் வெடிக்கலை. கூட்டம் கலைஞ்சுது, டோர் தப்பிச்சு ஓடினார். அப்புறம் திரும்பி வந்தப்ப பிடிச்சு, 1844ல தேசத்துரோகக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. அடுத்த வருஷமே விடுதலை பண்ணிட்டாங்க, ஏன்னா மக்கள் அந்தத் தண்டனையை ஏத்துக்கலை.

இதுல ரெண்டு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, தோத்துப் போன டோரால பயந்துதான் அரசாங்கம் புது அரசியல் சட்டம் கொண்டு வந்துச்சு. வரி கட்டுற உள்ளூர் ஆண்களுக்கு நிலம் இல்லாமலே ஓட்டு கிடைச்சுது. ரெண்டாவது, 'மக்கள்' பேரால டோர் கட்சி எழுதின சட்டத்துல 'வெள்ளை' ஆண்கள்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. டோருக்கே அது பிடிக்கலை, ஆனா கட்சி விடலை. அதனால அங்கிருந்த கறுப்பின மக்கள் எதிர்ப்பக்கம் நின்னாங்க, எதிர்ப்பக்கம் எழுதின சட்டத்துல ஓட்டும் வாங்கிட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வந்து குடியுரிமை வாங்கின ஐரிஷ் தொழிலாளிக்கு? 1888 வரைக்கும் நிலம் இருந்தாத்தான் ஓட்டு.

நான் சாஃப்ட்வேர் ஆளு, எங்க வேலையில ஒரு பாலபாடம் உண்டு. குவெரி எவ்வளவு சரியா எழுதினாலும், டேபிள்ல இல்லாத வரி ரிசல்ட்ல வராது. தேர்தலும் அப்படித்தான். நாம எல்லாரும் கவுண்டிங் அன்னைக்கு டிவி முன்னாடி உட்கார்றோம். ஆனா பாதித் தேர்தல் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருது, வாக்காளர் பட்டியல்ல.

சரி, இப்போ கானாடுகாத்தானுக்குத் திரும்பி வருவோம். வருஷம் 1920.

மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் வந்து, சென்னை மாகாணத்துல முதல் தடவையா கொஞ்சம் பெரிய அளவுல சட்டமன்றத் தேர்தல் நடக்குது. கவர்னர் வெலிங்டன் பிரபு. அவரைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் ஓட்டில்லை, அது லண்டன் முடிவு. போலீஸ், நிதி மாதிரிப் பெரிய துறைகள் கவர்னர் பக்கம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரி சிலது மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் பக்கம். இதைத்தான் ஸ்கூல் புத்தகத்துல இரட்டை ஆட்சின்னு படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்தோம்.

அந்தத் தேர்தல்ல ஓட்டுரிமை இருந்தது 12,48,156 பேருக்கு. மாகாணத்து மக்கள்தொகை 4 கோடிக்கு மேல. அதாவது 100 பேர்ல 3 பேர். நிலவரி, சொத்துவரி, வருமானவரின்னு ஏதாவது கட்டியிருக்கணும், இல்லைன்னா ராணுவப் பென்ஷன் மாதிரி ஒரு தகுதி வேணும். பெண்களுக்குக் கிடையாது. அந்த 12 லட்சத்துலயும் வந்து ஓட்டுப் போட்டது 4ல ஒரு பங்குதான், காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிச்சிருந்துச்சு. நீதிக்கட்சி ஜெயிச்சு ஆட்சி அமைச்சுது.

செட்டிநாட்டுச் சங்கதி இங்கதான் வருது. அந்தச் சட்டமன்றத்துல ஊருக்கு ஊர் தொகுதி போக, சிறப்புத் தொகுதின்னு ஒரு வகை இருந்துச்சு. ஜமீன்தார்களுக்கு, பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு, தோட்ட முதலாளிகளுக்கு, வர்த்தக சபைகளுக்குன்னு தனித்தனியா. அந்த வரிசையில ஒண்ணு, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம். ஆமா, ஒரு சமூகத்தோட வணிகச் சங்கத்துக்குன்னே சட்டமன்றத்துல தனி இடம்! சங்கத்து உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒருத்தரை அனுப்பலாம்.

ஏன் கொடுத்தாங்கன்னா, பர்மா, மலேயா, இலங்கை வரைக்கும் கடன் கொடுத்து வாங்கின பணம் இவங்க கையில இருந்துச்சு. ரங்கூன் அரிசி வியாபாரத்துக்குப் பின்னாடி இருந்தது செட்டியார் கடைப் பணம். இதே கானாடுகாத்தான்ல 1881ல பிறந்த அண்ணாமலை செட்டியார்தான் பின்னாடி சிதம்பரத்துல பல்கலைக்கழகம் ஆரம்பிச்சார், 1929ல 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் வாங்கினார். அப்படிப்பட்ட பணத்தோட பேச அரசாங்கத்துக்கு ஒரு வாசல் தேவைப்பட்டுச்சு.

நான் இதைப் படிச்சப்ப யோசிச்சது வேற. இந்த வீட்டுக்கு ஒரு ஓட்டு. அது போக, சங்கத்து வழியா இன்னொரு ஓட்டு. இந்த வீட்டைக் கட்டின கொத்தனாருக்கு, சித்தாளுக்கு? ஒண்ணும் இல்லை. சரி, வீட்டுக்குள்ள? ஆம்பளைங்க வருஷக்கணக்கா ரங்கூன்ல கிடக்க, சாவிக்கொத்தை இடுப்புல செருகிக்கிட்டு வரவு செலவு பார்த்து, கல்யாணம் காட்சி நடத்தினது ஆச்சிங்க. அவங்களுக்கும் 1920ல ஓட்டு இல்லை. 1921ல சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமைத் தீர்மானம் போட்டுச்சு, இந்தியாவுல மாகாணங்கள்லயே அதுதான் முதல்ல. நிஜமாவே பெருமைப்படலாம். ஆனா சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால, ஓட்டு போனது சொத்து இருந்த பெண்களுக்கு.

இப்ப 1937க்கு வருவோம். 1935 சட்டப்படி புது சட்டமன்றம், 215 இடம். அதுலயும் ஜமீன்தார்களுக்கு 6, வணிகம் தொழிலுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6, பல்கலைக்கழகத்துக்கு 1னு பங்கு வெச்சிருந்தாங்க. ஓட்டுரிமை விரிஞ்சுது. ஆனாலும் வயசு வந்த எல்லாருக்கும் இல்லை, சொத்தோ வரியோ எழுத்தறிவோ ஏதோ ஒண்ணு வேணும்.

இந்தத் தடவை காங்கிரஸ் களத்துல இறங்குச்சு. அப்போ சீட்டுல பேர் பார்த்து முத்திரை குத்துற முறை கிடையாது. வாக்குச்சாவடியில கட்சிக்கு ஒரு கலர்னு தனித்தனிப் பெட்டி. காங்கிரஸுக்கு மஞ்சள். மேடைக்கு மேடை ஒரே பேச்சு: காந்திக்கு ஓட்டு, மஞ்சள் பெட்டிக்கு ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் கலர் தெரியும் இல்லையா? இன்னைக்கு யுஐ டிசைன் பண்றவங்க இதை நோட் பண்ணிக்கலாம்.

ரிசல்ட் வந்துச்சு. காங்கிரஸுக்கு 159. பதினேழு வருஷத்துல பெரும்பகுதி ஆட்சியில இருந்த நீதிக்கட்சிக்கு ஏறக்குறைய 20. பிரீமியரா இருந்த பொப்பிலி ராஜா தன்னோட சொந்த ஊர்லயே வி.வி. கிரிகிட்ட தோத்தார். இந்தப் பக்கமெல்லாம் அப்போ ராமநாதபுரம் மாவட்டம். ராமநாதபுரத்துல சேதுபதி ராஜாவையே முத்துராமலிங்கத் தேவர் தோற்கடிச்சார். சாத்தூர்ல காமராஜர் போட்டியே இல்லாம வந்தார்.

காமராஜர் பத்தி ஒரு கதை சொல்வாங்க. அதுக்கு முந்தி விருதுநகர் நகராட்சித் தேர்தல்ல நிக்க அவர் பேர்ல சொத்தோ வரியோ எதுவும் இல்லையாம். தேவர் ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி அவர் பேர்ல வரி கட்டி நிக்க வெச்சாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அது ஏன் இன்னைக்கும் சொல்லப்படுதுன்னு மட்டும் பாருங்க. பின்னாளில் 9 வருஷம் முதலமைச்சரா இருந்தவரைப் பட்டியலுக்குள்ள சேர்க்க ஒரு ஆடு தேவைப்பட்ட காலம் அது.

இதுல இன்னும் ரெண்டு முரண் இருக்கு. முதல் முரண், காங்கிரஸ் ஆட்சிக்குத் தலைமை தாங்கின ராஜாஜி எந்தத் தொகுதியில இருந்து வந்தார் தெரியுமா? பல்கலைக்கழகத் தொகுதி. பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடுற இடம். மஞ்சள் பெட்டி அலை அடிச்ச தேர்தல்ல, தலைவர் வந்தது ஒரு சிறப்புப் பட்டியல் வழியா.

ரெண்டாவது முரண், ஜெயிச்ச உடனே காங்கிரஸ் ஆட்சி அமைக்கலை. "கவர்னர் தன்னோட தனி அதிகாரத்தை வெச்சு அன்றாட நிர்வாகத்துல தலையிட மாட்டார்னு உறுதி கொடுங்க"ன்னு கேட்டுச்சு. கவர்னர் எர்ஸ்கின் பிரபு உறுதி கொடுக்கலை. அதனால 1937 ஏப்ரல் 1ல இருந்து ஜூலை நடுவு வரைக்கும், தோத்துப் போன பக்கத்து ஆளுங்களை வெச்சே ஒரு இடைக்கால மந்திரிசபை. கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமை. அதுல உள்ளாட்சி மந்திரி, நம்ம செட்டிநாட்டு ராஜாவோட மகன், சென்னை மாநகராட்சியோட முதல் மேயரா இருந்த முத்தையா செட்டியார்.

ரோட் ஐலண்ட்ல 2 கவர்னர். இங்க 159 பேர் வெளியில, மந்திரிசபை உள்ள. ரெண்டு இடத்துலயும் கேள்வி ஒண்ணுதான்: கடைசி வார்த்தை ஓட்டுப் போட்டவங்களோடதா, நாற்காலியில இருக்கிறவரோடதா? நல்லவேளை, இங்க யாரும் பீரங்கி இழுத்துட்டு வரலை. வைஸ்ராய் பக்கத்துல இருந்து ஒரு சமாதான அறிக்கை வந்துச்சு, ஜூலை 14 அன்னைக்கு ராஜாஜி பதவி ஏத்தார்.

இதையெல்லாம் நான் போன்ல நோட்ஸ் பார்த்துப் பார்த்துப் பேசிட்டிருந்ததை டீக்கடை ஐயா கவனிச்சிட்டே இருந்தார். எழுபது வயசு இருக்கும். ரெக்கார்டிங்கை நிறுத்தினதும் கேட்டார்.

"என்ன தம்பி, எலெக்‌ஷன் கதையெல்லாம் பேசுறீக? எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லைங்கய்யா, பழைய கதை. 37ஆம் வருஷத்து எலெக்‌ஷன்."

"எங்க தாத்தா கொத்தனாரு. இந்தத் தெருவுல பாதி வீட்டுல அவரு கை பட்டிருக்கு. அவருக்கு அப்பல்லாம் ஓட்டு ஏது? அம்பத்திரண்டுலதான் மொத ஓட்டு. அன்னைக்கு வெள்ளன எந்திருச்சு, குளிச்சு, திருநீறு பூசி, கோயிலுக்குப் போற மாதிரி வேட்டி கட்டிக்கிட்டு போனாராம். செட்டியார் முன்னால, இவரு பின்னால. ஒரே வரிசை. எங்க அப்பத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

ஒரே வரிசை. அவர் அதை அழுத்திக்கூடச் சொல்லலை, கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னார். 1951–52 தேர்தல்ல 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. நாடு முழுக்க 17 கோடிக்கு மேல வாக்காளர்கள். அப்பவும் பட்டியல் சுலபமா அமையலை. வடக்குல சில மாநிலங்கள்ல பெண்கள் தங்களோட பேரை வெளி ஆளுக்குச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. "இன்னாரோட மனைவி", "இன்னாரோட அம்மா"ன்னு எழுத வேண்டியதாச்சு. தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏத்துக்கலை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் அப்படிப் பட்டியல்ல இருந்து நீக்கப்பட்டாங்க. சட்டம் ஓட்டைக் கொடுத்துச்சு, ஆனா பேர் இல்லாததால ஓட்டு போச்சு.

எல்லாரும் ஒரே வரிசையில நின்னதுக்கு அப்புறம் பக்கத்துல காரைக்குடித் தொகுதியில என்ன நடந்துச்சுன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். 1957ல ஜெயிச்சது முத்தையா செட்டியார். எந்தக் கட்சி? காங்கிரஸ்! 37ல எந்தக் கட்சி அவங்க கட்சியைக் காலி பண்ணுச்சோ அதே கட்சி. 1962ல ஜெயிச்சது சா. கணேசன், காரைக்குடிக் கம்பன் கழகத்தை ஆரம்பிச்சவர், காங்கிரஸ்காரரா சுதந்திரப் போராட்டத்துல இருந்தவர். அவர் ஜெயிச்சது காங்கிரஸை எதிர்த்து, ராஜாஜி ஆரம்பிச்ச சுதந்திராக் கட்சியில. இருபத்தஞ்சு வருஷத்துல ஆளுங்க இடம் மாறி உட்கார்ந்துட்டாங்க. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. தனி வாசல் வழியா இடம் கிடைச்சுக்கிட்டிருந்த இடத்துல, அரண்மனைக் குடும்பத்து ஆளும் கொத்தனார் வீட்டு வாசல்ல வந்து கைகூப்பி ஓட்டுக் கேட்டாகணும்னு ஆனதுதான் பெரிய மாற்றம்.

டீக்கு காசு கொடுக்கப் போனப்ப ஐயா சாதாரணமா ஒரு கேள்வி கேட்டார். "நீங்க போன எலெக்‌ஷன்ல எங்க தம்பி ஓட்டுப் போட்டீக?"

நான் போடலை. உண்மையைச் சொல்லிடுறேன். என் பேர் அப்பா அம்மா இருக்கிற ஊர்ல இருக்கு. நான் இருக்கிறது வேற ஊர்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் இருந்துச்சு, பஸ் டிக்கெட் கிடைக்கலை, சரி விடுன்னு விட்டுட்டேன். மூணு வருஷமா வீட்டு வாடகை ஒப்பந்தம், கேஸ் கனெக்‌ஷன், ஃபுட் டெலிவரி அட்ரஸ் எல்லாத்தையும் மாத்தின நான் இதை மட்டும் மாத்தலை. ஐயாகிட்ட "ஊருக்குப் போக முடியலைங்கய்யா"ன்னு இழுத்தேன். அவர் திட்டலை. "ம்ம்"னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆத்தப் போயிட்டார். அந்த "ம்ம்" இன்னும் காதுல இருக்கு.

கொத்தனார் தாத்தா பேரைச் சட்டம் வெளியில வெச்சுது. என் பேரை யாரும் வெளியில வைக்கலை. நானே போய் வெளியில நின்னுக்கிட்டேன். ரெண்டுக்கும் காரணம் வேற வேற, ஆனா கவுண்டிங் அன்னைக்கு ரெண்டு ஓட்டும் ஒரே மாதிரிதான் காணாமப் போகும்.

அதனால ஹோம்வொர்க். வீடு மாறி இருக்கீங்களா? வாக்காளர் பட்டியல்ல முகவரி மாத்த படிவம் 8. தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் அதே படிவம்தான். முதல் தடவை பேர் சேர்க்கிறவங்களுக்குப் படிவம் 6. ஆன்லைன்லயே பண்ணலாம். சந்தேகம் இருந்தா 1950ங்கிற எண்ணுக்குக் கூப்பிடுங்க. தேர்தல் அறிவிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, பட்டியல் வேலை அதுக்கு முன்னாடியே நடக்கும்.

நான் என்னோடதை செட்டிநாடு ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல உட்கார்ந்து போட்டுட்டேன், ரயிலுக்கு நேரம் இருந்துச்சு. பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, அதுல பத்து நிமிஷம் போட்டோவை அவங்க கேட்ட சைஸுக்குச் சுருக்குறதுக்கு.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. உங்க வீட்டுத் தாத்தா பாட்டியோட முதல் ஓட்டுக் கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.